நான் ஆடப்போன இரண்டு மணி நேரம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருஷத்துக்கு ஒருமுறை, கைகலப்பு ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குச் சண்டை வரும். கிரிக்கெட்காரர்களை ஏலம் எடுக்கிற வாரம் அது. யாராவது ஒருத்தி போனைப் பார்த்து, இன்னார் இத்தனை கோடிக்குப் போனார் என்று சத்தமாகப் படிப்பாள். அவ்வளவுதான். வடக்குப்பட்டில் நான் ஏறும்போது பாதிச் சண்டை முடிந்திருக்கும், மீதி ஒரகடத்தில் கம்பெனி கேட் வரும்வரை ஓயாது.

"நாலு ஓவர் பந்து போடறதுக்கு நம்ம ஆயுசு சம்பளமா? இன்னாடி அநியாயம் இது!"

"ஏன், உனக்கு வயிறு எரியுதா? நீயும் போய்ப் போடேன்."

கடைசியில், "நம்ம ப்ளேயரைக் கேளுங்கடி" என்று என்னிடம் வருவார்கள். பஸ்ஸில் ப்ளேயர் என்றால் நான்தான். கம்பெனி கபடி டீமில் ரெய்டு போனவள். முட்டியில் சவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டு நாலு வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். கேட்டதும் ஆரம்பித்துவிடுவேன். அவன் உடம்புதான் அவன் மூலதனம், முப்பத்தைந்து வயசுக்குமேல் நாய்கூட அவனைச் சீண்டாது, ஒரு கால் பிசகினால் அன்றோடு சரி. "நீ ஸ்க்ரூ போடறத டிக்கெட் வாங்கி வந்து எவனாவது பாக்கறானா? பாத்தா உனக்கும் கோடி குடுப்பான்" என்று முடிப்பேன். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜெயித்துவிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

இந்த வருஷமும் அப்படித்தான் முடித்தேன். அப்போது டிரைவர் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. எனக்கு ஒரு டவுட்டு. நான் ஒருநாளு லீவு போட்டா இந்த வண்டிய வேற ஒர்த்தன் ஓட்டணும். அவனுக்கு ரெண்டு ட்ரிப்பு சேத்து வுழும், என்னைத் திட்டிக்கினேதான் ஓட்டுவான். நீ ஆடப் போறச்சே உன் வேலைய யாரு பாத்தா?"

அந்த மனுஷர் குத்தலாகக் கேட்கவில்லை. டீக்கடையில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "அதெல்லாம் பாத்துக்குவாங்கண்ணா" என்றேன். எனக்குக் காதெல்லாம் சுட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஆறு வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

என் வேலையை யார் பார்த்தார்கள் என்பதை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

கார்களின் டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற சர்க்யூட் போர்டுகளைப் பூட்டுகிற லைன் எங்களுடையது. பன்னிரண்டு ஸ்டேஷன், பன்னிரண்டு பெண்கள். தொப்பி, முகமூடி, நீலக் கோட்டு என்று எல்லாம் மாட்டிக்கொண்டால் கண் மட்டும்தான் வெளியே தெரியும். போர்டு நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். நாம் கையெடுத்தால் லைன் நிற்கும், லைன் நின்றால் நம் தலை உருளும். அதனால் ஸ்டேஷனை விட்டு யாரும் சும்மா நகர முடியாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஸ்டேஷனில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். தலைக்குமேல் மஞ்சள் விளக்கு எரியும். அதைப் பார்த்து ரிலீவர் வருவாள். நம் இடத்தில் அவள் நிற்பாள், நாம் ஓடிப்போய் வருவோம். பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு ரிலீவர்.

நான் உள்ளூர்ப் பெண். பள்ளிக்கூடத்திலேயே மாவட்டம் வரை ஆடியவள். என்னை கான்ட்ராக்டில் எடுக்கும்போதே, கம்பெனிகளுக்கு இடையில் நடக்கிற போட்டியில் கோப்பை வந்தால் பர்மனென்ட், மாதாமாதம் விளையாட்டுப்படி தனி என்று சொல்லித்தான் எடுத்தார்கள். தினம் மூன்று மணிக்கு ப்ராக்டிஸ், ஐந்து மணி வரை. ஆனால் ப்ராக்டிஸ் என்று வேலை நேரத் தாளில் எழுதமாட்டார்கள். எழுதினால் ஆள் குறைகிறது, இன்னொரு ஆள் கொடுங்கள் என்று மேலே கேட்க வேண்டியிருக்கும். ஆகவே தாளில் நான் ஐந்து மணி வரை என் ஸ்டேஷனில்தான் நிற்பேன். மூன்று மணிக்கு சூப்பர்வைசர் தாளை நீட்டுவார், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷூவை மாற்றிக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடுவேன். என் இடத்தில் ரிலீவர் வந்து நிற்பாள்.

அப்படியென்றால் அந்த இரண்டு மணி நேரம் மற்ற பதினோரு பேரும் பாத்ரூம் போக முடியாது. இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெரியும். தெரிந்த விஷயத்தை எண்ணிப் பார்க்காமல் இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்தது, அவ்வளவுதான். நானும் சும்மா போகவில்லையே, மண்ணில் விழுந்து புரண்டு முட்டி முழங்கை எல்லாம் தேய்த்துக்கொண்டுதானே வருகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

எனக்கு அடுத்த ஸ்டேஷனில் ஓர் அக்கா நின்றார். திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் இல்லை. பென்னலூரில் ஒரே அறையில் இன்னும் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருந்தார். எட்டு வயசு மகளை ஊரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் பேச்சில் பாதி அந்த மகள்தான். "பர்மனென்ட் மட்டும் ஆயிட்டேன்னு வையி, தனியா ஒரு ரூம் எடுத்து எம்மவள இங்கன கூட்டிட்டு வந்துருவேன் பிள்ள. இங்கன நல்ல பள்ளிக்கூடம் இருக்குல்லா" என்பார். அந்த வருஷம் எங்கள் லைனில் அவர் பெயரும் பர்மனென்ட் பட்டியலில் இருந்தது. வேலையில் அவரைக் குறைசொல்ல ஒருவராலும் முடியாது. நான் ஒரு போர்டு முடிக்கும்முன் அவர் ஒன்று முடித்துவிட்டு, என் பக்கம் கோணலாக இருக்கிற ஸ்க்ரூவையும் கண்ணால் காட்டிக்கொடுப்பார்.

என் ஆட்டத்தில் அவருக்கு என்னைவிடப் பெருமை. ப்ராக்டிஸ் முடிந்து புழுதியோடு திரும்பி வந்தால், "எத்தன பேர அவுட்டாக்குன?" என்று முதல் கேள்வி கேட்பார். எனக்காக ஒரு வடையைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். ஒருநாள் ஐந்து மணிக்கு அவருடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினேன். காலையில் நிரப்பியது அப்படியே தளும்பத் தளும்ப இருந்தது.

"இன்னாக்கா, தண்ணியே குடிக்கலையா? அடிக்கிற வெயிலுக்கு!"

"தாகமே எடுக்கல பிள்ள. நீ குடி."

ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். அது என்ன தாகம் எடுக்காத உடம்பு என்று நான் யோசிக்கவில்லை. லைனில் பாதிப்பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தொடுவதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. ச்சீ, உறைத்தது என்பதுகூடப் பொய். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபைனலுக்கு நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்றைக்குப் பார்த்து வெளியிலிருந்து ஆடிட்காரர்கள் வந்திருந்தார்கள். அக்காவுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல், அடிவயிற்றில் வலி. பர்மனென்ட் பட்டியல் முடிவாகிற வாரத்தில் லீவு போடப் பயந்து வந்திருந்தார். நான் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் லைனே செத்த வீடு மாதிரி இருந்தது. அக்காவைக் காணோம்.

என்ன நடந்தது என்று பஸ்ஸில் ரிலீவர் சொன்னாள். சின்னப் பெண், அழுதுகொண்டே சொன்னாள்.

"அக்கா பட்டன அமுக்கினாங்க. இருபது நிமிஷம் மஞ்ச லைட்டு எரிஞ்சிக்கினே இருந்திச்சி. என்னையே பாத்தாங்க. நான் உன் எடத்துல நிக்கிறேன், எப்பிடி வுட்டுட்டு வர்றது? சூப்பர்வைசர் ஆடிட் ஆளுங்ககூடப் போய்ட்டாரு. கடைசில தாங்க முடியாம ஓடிட்டாங்க. போர்டெல்லாம் குவிஞ்சி, ஒண்ணு கீழ வுழுந்து, லைன் நின்னுபோச்சி."

மறுநாள் காலை விசாரணை. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் முன்னால் அந்தத் தாள் இருந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார். மேனேஜர் நிதானமாகத்தான் கேட்டார்.

"ரிலீவர் உங்க ஸ்டேஷன்ல நின்னதா பக்கத்து ஸ்டேஷன் அம்மா நேத்து சொன்னாங்க. தாள்ல நீங்க இருக்கீங்க. மூணு மணிக்கு மேல நீங்க எங்க இருந்தீங்க?"

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அவர் வாய்திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ப்ராக்டிஸ் போனேன் என்று சொன்னால் தாளே பொய்யாகும். சூப்பர்வைசர் மாட்டுவார், டீம் கலையும், ஃபைனலாவது பர்மனென்டாவது! இதெல்லாம் என் மண்டைக்குள் ஓட ஒரு நொடிகூட ஆகவில்லை. ரெய்டு போகிறவளுக்கு அந்த வேகம் உண்டு.

"ஸ்டேஷன்லதான் இருந்தேன் சார்."

அப்படியானால் ரிலீவர் சும்மாதான் இருந்திருக்கிறாள். அப்படியானால் அக்கா பட்டனை அழுத்தவே இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் லைனை விட்டு ஓடியிருக்கிறார். என் ஒரு வரியில் இவ்வளவும் அடங்கிவிட்டது. ரிலீவரும் கான்ட்ராக்ட்தான், வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களையோ யாரும் கேட்கவே இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூட, மேலதிகாரிக்குப் பயந்து சொன்ன பொய் என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ளியிருப்பேன். எனக்குப் பிறகு மேனேஜர் அறைக்குப் போன அக்கா வெளியே வந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கோபமே இல்லாமல், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி என்னிடம் வந்து கேட்டார்.

"நீ எப்ப பிள்ள திரும்பி வந்த? நான் பாக்கலியே."

அங்கே மேனேஜர் இல்லை. சூப்பர்வைசர் இல்லை. நானும் அவரும்தான்.

"மூணரைக்கே வந்துட்டேன்கா. நீங்கதான் கவனிக்கல" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காய்ச்சல்ல தல சுத்திக்கிட்டே இருந்துச்சு... எல்லாரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. ஒருவேள நான்தான் சரியாப் பாக்கலையோ என்னவோ" என்றார். அதற்கும் நான், "ஆமாக்கா" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

அன்று மாலையே காய்ச்சல் அதிகமாகி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூத்திரப்பையில் வந்த கிருமி கிட்னி வரைக்கும் ஏறிவிட்டதாம். ரொம்ப நாளாக அடக்கி அடக்கி வந்த வினை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி, கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் நான் ஃபைனல் ஆடி முடித்திருந்தேன். கடைசி ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோடு தாண்டி வந்து விழுந்தேன். தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். பர்மனென்ட் ஆர்டரைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. ரிலீவர் பெண்ணும் அடுத்த மாதமே கல்யாணமாகிச் செய்யாறு பக்கம் போய்விட்டாள்.

பிறகு என் முட்டி போயிற்று. விளையாட்டுப்படி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மாதாமாதம் சம்பளத்தோடு வருகிறது. அந்தக் காசில்தான் என் வீட்டு வாசலுக்கு டைல்ஸ் போட்டேன். நியாயமான காசுதான், உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உடம்பைக் கொடுத்தது உண்மை. யார் உடம்பை என்பதைத்தான் சொன்னதில்லை. கோடி வாங்குகிற கிரிக்கெட்காரனுக்கு அது தகுமா தகாதா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அவன் எவரையும் அவர் இடத்தில் கட்டிப்போட்டுவிட்டு ஆடப் போகாமல்கூட இருக்கலாம். நான் போனேன்.

டிரைவர் கேட்ட அந்த வாரமே அக்காவைத் தேட ஆரம்பித்தேன். பழைய லைனில் இருந்த ஒருத்தியிடம் விசாரித்ததில், அக்கா ஊருக்குத் திரும்பவில்லை, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. ஆறு வருஷமாக ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். பழம் வாங்கலாமா என்று நினைத்து, எந்த முகத்தோடு வாங்குவது என்று வெறுங்கையோடு போனேன்.

சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏ பிள்ள! நீயா? முட்டி போயிருச்சாமே, இப்ப எப்படி இருக்கு? உக்காரு, அங்கன கீழ உக்காராத, ஸ்டூல எடுத்துக்க."

இப்படிக் கேட்பார் என்று தெரிந்திருந்தால் நான் போயே இருக்கமாட்டேன். என்னை அடித்திருக்கலாம். நான் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான் ஸ்டேஷனில் இல்லை, ஐந்து மணி வரை கிரவுண்டில்தான் இருந்தேன், என் இடத்தில் நின்றது ரிலீவர்தான், மேனேஜரிடம் சொன்னதும் பொய், உங்களிடம் சொன்னதும் பொய் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன், அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் பட்டன அமுக்குனேன்லா?"

எனக்குப் புரியவில்லை.

"அமுக்குனேன்னுதான் பிள்ள எனக்கு ஞாபகம். ஆனா நீ இருந்தேன்னு சொன்னியா, ரிலீவரு சும்மா இருந்தான்னு அவங்க சொன்னாங்களா, அப்ப லைட்டு எரிஞ்சிருந்தா வந்திருப்பாள்லா? நான் அமுக்கவே இல்ல போல, புத்தி கெட்டுப்போயி ஓடிட்டேன் போலன்னு நானே நெனச்சுக்கிட்டேன். கேஸ் அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு இன்னைக்கும் நாலு தடவ போயிப் பாக்கேன். என் கண்ண நானே நம்புறதில்ல."

"அமுக்கினீங்கக்கா. இருபது நிமிஷம் எரிஞ்சிது. அந்தப் பொண்ணு அன்னிக்கே எங்கிட்ட சொன்னா."

"இருபது நிமிஷம்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, என்னைத் திட்டாமல், என்னை ஒரு பொருட்டாகவே எடுக்காமல், போனை எடுத்து ஊருக்குப் போட்டார். தங்கச்சிதான் எடுத்திருக்க வேண்டும். "ஏட்டி, நான் பட்டன அமுக்கித்தான் இருக்கேன். ஆமா. அந்தப் பிள்ளையே வந்து சொல்லுது. நான் கவனமில்லாம வேலைய விட்டவ இல்லட்டி" என்றார். சொல்லும்போதுதான் அழுதார். பிறகு மகளைக் கூப்பிடச் சொன்னார். எட்டு வயசில் வந்துவிடுவாள் என்று இருந்த மகள். இப்போது பதினாலு வயசு. இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

அக்கா போனை என் பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு. எங்கம்மா ஒழுங்கா இருந்திருந்தா நான் எப்பமோ அங்கன வந்திருப்பேன்னு எம்மவ சொல்லுவா. அவகிட்ட சொல்லு."

வாங்கினேன். "யாரு பேசுறது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

உங்க அம்மா பக்கத்து ஸ்டேஷன்ல நின்னவ என்று சொல்ல வாயெடுத்தேன். நான்தான் நிற்கவில்லையே.

"உங்க அம்மா பக்கத்துல நின்னிருக்க வேண்டியவம்மா" என்றேன். பிறகு மூன்று மணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.